அது மீன் தண்ணி இல்லை

அக்கா,

இன்று காலை பெரிய மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. பின்சக்கரத்தின் பக்கத்தில், மண்ணில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். வெயில் ஏற ஏற அதிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. பழைய எண்ணெய் சூடானால் வருமே, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற அந்த வாடை. லாரிக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு எதையோ கந்தல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எதைத் துடைக்கிறார் என்று பார்க்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"சாக்கப்சர் லேசா கசியுதுங்க. இன்னிக்கு இன்ஸ்பெக்டர் பாக்க வர்றாரு. தொடச்சுட்டா தெரியாது" என்றார், சிரித்துக்கொண்டே.

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எனக்கே முழுதாக நினைவில்லை. காய் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அந்த மனிதர் துணியைக் கையில் பிடித்தபடி எழுந்து, "உனக்கு எதுக்குய்யா இம்மாம் கோவம்? உன் வண்டியா இது?" என்றார். பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி முடிக்க ஒரு பொழுது வேண்டும். அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? உன்னிடம்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து காகிதம் எடுத்தேன்.

நீ கண்ணை மூடி இன்றோடு இருபத்தெட்டு நாள். நான் காரைக்கால் சவாரியில் இருந்தேன். திரும்பி வந்தபோது வைத்திக்குப்பத்தில் எல்லாம் முடிந்திருந்தது. உன் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்த மீன் கூடையை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். எழுதும்போது 'நீங்கள்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி எழுதினால் நீ சிரிப்பாய். "யார சொல்றே?" என்று பின்னால் திரும்பிப் பார்ப்பாய். அதனால் பஸ்ஸில் பேசியபடியே எழுதுகிறேன்.

அந்தப் பஸ்ஸை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அது முதலில் லாரி. ஊர் கைமாறிய சமயத்தில் கப்பலேறிப் போன வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுவிட்டுப் போனது. நம் முதலாளி அதை வாங்கி, மரத்தில் கூண்டு கட்டி, பச்சையும் மஞ்சளும் பூசி, நெற்றியில் பெரிதாக 'ஜெய்ஹிந்த்' என்று எழுதிப் பஸ்ஸாக்கினார். அதற்கு முந்தின வருஷம் வரையில் துரைகளைக் கண்டால் தொப்பியைக் கழற்றி "போன்ழூர் முசே" என்று இடுப்பு வரைக்கும் குனிந்தவர் அவர். புதுச்சேரிக்கும் பாகூருக்கும் நடுவில் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்வர வேண்டும். நான் டிரைவர்.

காலையில் மீனை வாங்கிக்கொண்டு நீங்கள் ஐந்தாறு பேர் ஏறுவீர்கள். மீன்காரிகளுக்குக் கடைசி சீட்டுதான் என்பது முதலாளியின் சட்டம். கூடைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு இடது பக்கக் கடைசி ஜன்னலில் நீ உட்கார்வாய். அந்த இடத்துக்கு நேர் கீழேதான் இடது பின்சக்கரம்.

முதன்முதலில் அதைச் சொன்னது நீதான். ஒருநாள் இறங்கும்போது என் பக்கம் வந்து நின்றாய்.

"டிரைவரே, உன் வண்டி என் பக்கம் மட்டும் ஆடுது. பள்ளத்துல ஒரு தபா வுழுந்தா மூணு தபா தூக்கிப் போடுது. இடுப்பு வுட்டுப்போச்சு."

நான் குனிந்து பார்த்தேன். இடது பக்கச் சாக்கப்சர் குழாயின் மேலிருந்து கீழ்வரை எண்ணெய் வழிந்து, அதில் புழுதி அப்பி, கறுப்புச் சேறாக இருந்தது. "இது இன்னாது?" என்று கேட்டாய். சக்கரத்துக்கு மேலே பட்டை பட்டையாக இருக்கிற ஸ்பிரிங் குதிக்கும், அந்தக் குதிப்பை அடக்குகிறது இந்தக் குழாய், அடக்குவது உள்ளே இருக்கிற எண்ணெய், அது போய்விட்டால் சக்கரம் தரையில் பதியாது, பிரேக் போட்டாலும் சரியாகப் பிடிக்காது, வளைவில் வண்டி பின்பக்கம் வீசும் என்று சொன்னேன். நீ கவனமாகக் கேட்டாய். "அப்ப மாத்து" என்றாய். அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் பேச என்ன இருக்கிறது என்பது போல.

மாற்றுவது என் கையில் இல்லை. முதலாளியின் ஷெட்டில் மெக்கானிக் அந்துவான் இருந்தார். பிரெஞ்சுக்காரர்களின் பட்டறையில் வேலை கற்றவர்; சாக்கப்சரை 'அமோர்த்திசேர்' என்றுதான் சொல்வார். அவரும் படுத்துப் பார்த்துவிட்டு, "அமோர்த்திசேர் செத்துப்போச்சு. இத தொறந்து எண்ண ஊத்துனா ரெண்டு நாளைக்கு நிக்கும். புதுசு போடணும்" என்றார். முதலாளியிடம் போனோம். சாமான் பிரான்சிலிருந்து கப்பலில் வர வேண்டும், இப்போது அதற்கு டில்லியில் அனுமதி வாங்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார். மெட்ராஸ் கடைகளில் அதே அளவில் வேறு கிடைக்கும், பிடிமானத்தைக் கொஞ்சம் மாற்றினால் பொருந்தும் என்று அந்துவான் சொன்னார். "பாக்கலாம்" என்றார் முதலாளி. அந்தப் 'பாக்கலாம்' நாலு மாசம் ஓடியது, அக்கா. நாலு மாசம்! வாரத்துக்கு ஒரு தடவை நான் கேட்பேன். வாரத்துக்கு ஒரு தடவை அவர் பாக்கலாம் என்பார். நடுவில் அவர் வீட்டுக்கு முன்பக்கம் புதிதாக மாடி எழும்பியது. அதற்கு வேண்டிய சாமான் எல்லாம் எந்தக் கப்பலுக்கும் காத்திருக்கவில்லை.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவரே வந்து நின்றார். வண்டிக்குக் கீழே சொட்டிக்கொண்டிருந்தது. ஜனங்கள் பார்க்கிறார்கள் என்றதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. உன் கூடையைக் காட்டி, "இதெல்லாம் இவளுங்க மீன் தண்ணி. உப்புத் தண்ணி வுட்டு வுட்டு வண்டி இரும்பையே அரிச்சுட்டாளுங்க. நாளையிலேர்ந்து ஒருத்தியும் ஏறக்கூடாது" என்றார்.

நீ கூடையைக் கீழே வைத்தாய். நிதானமாகக் குனிந்து, மண்ணில் கிடந்த அந்த ஈரத்தில் இரண்டு விரலைத் தொட்டாய். எழுந்து நேராக அவர் மூக்குக்கு எதிரே நீட்டினாய்.

"மோந்து பாரு, முதலாளி. எனக்கு நூறு மீனு தெரியும். இது எந்த மீனு, நீ சொல்லு."

பஸ் ஸ்டாண்டே சிரித்தது. அவர் பின்வாங்கி, வெள்ளைச் சட்டையில் படாமல் இருக்கக் கையைத் தூக்கிக்கொண்டார். ஏறக்கூடாது என்ற பேச்சும் அன்றோடு போயிற்று; மறுநாளும் நீங்கள் ஏறினீர்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இன்று கூசுகிறது. அது சிரிக்கிற விஷயம் என்று நினைத்துவிட்டோமே.

அடுத்த வாரம் வண்டி பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு முந்தின நாள் முதலாளி அந்துவானைக் கூப்பிட்டு, மண்ணெண்ணெயில் கழுவிக் கறுப்பு பெயிண்ட் அடிக்கச் சொன்னார். அந்துவான் முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். சாக்கப்சர் பளபளவென்று மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பரிசோதனையில் வண்டி பாஸாகிவிட்டது. மூன்றாம் நாள் பெயிண்டுக்கு மேலேயே எண்ணெய் வழிந்தது.

அன்றைக்கு நான் சாவியைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். "மாத்துறவரைக்கும் எடுக்க மாட்டேன்" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ எடுக்கலன்னா இன்னொருத்தன் எடுப்பான். வெளியில பத்துப் பேரு நிக்கறான்" என்றார்.  பிறகு சாவியை எடுத்துக்கொண்டேன். இதை உன்னிடம் நான் சொன்னதேயில்லை. சாவியை வைத்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். திரும்ப எடுத்ததைச் சொன்னதில்லை.

அந்தத் திங்கட்கிழமை. பாகூரிலிருந்து மதியம் திரும்புகிற சவாரி. நீ மீனெல்லாம் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு ஏறினாய். உன் ஜன்னலோர இடத்துக்கு நீ போகுமுன் முருகேசன் வந்து உட்கார்ந்துவிட்டார். மில்லில் தறி ஓட்டுகிறவர், மதிய ஷிஃப்டுக்குப் போகிறவர். தினமும் வருவார். அதிர்ந்து பேச மாட்டார். "அக்கா, நீங்க வாங்க" என்று எழுந்திருக்கப் போனார். "நீ குந்து தம்பி, காத்து வாங்கு. வேல செய்யப் போற புள்ள" என்று நீ அவரைத் தட்டி உட்கார வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரை வளைவில் எதிரே ஒரு கட்டை வண்டி. நான் வேகமாகப் போகவில்லை. அந்த வண்டியில் வேகமாகப் போக முடியாது என்று எனக்குத் தெரியாதா? பிரேக்கை மிதித்தேன். மதகுக்கு மேலே ரோடு கொஞ்சம் மேடிட்டிருக்கும். அந்த மேட்டில் பின்பக்கம் ஒரு குதி குதித்தது. ஒரு குதியோடு நின்றிருந்தால் போதும். நிற்கவில்லை. இரண்டு, மூன்று. சக்கரம் தரையில் இல்லாத நேரத்தில் பிரேக் எதைப் பிடிக்கும்? பின்பக்கம் இடதுபுறம் வீசியது. ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்த்தேன். வண்டி கரையிலிருந்து சரிந்து, இடது பின்மூலை ஒரு புளியமரத்தில் போய் மோதியது.

கூண்டு மரம்தானே. தீப்பெட்டி மாதிரி நொறுங்கியிருந்தது. முருகேசனை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. உன் இடது மணிக்கட்டு உடைந்து கை தொங்கிக்கொண்டிருந்தது. நீ அதைக் கவனிக்கவேயில்லை. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான் தம்பி உன்னை இங்க குந்த வச்சேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய்.

சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் செய்தி பரவிவிட்டது. டிரைவர் குடித்துவிட்டு ஓட்டினான்.

யார் கிளப்பியது என்று கேட்க வேண்டியதில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் குடிப்பவன்தான். அதை என்றைக்கும் மறைத்ததில்லை. திங்கட்கிழமை ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனால் இது புதுச்சேரி. எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு. இந்தப் பக்கத்து மனிதன் என்றாலே குடிகாரன் என்று நினைக்கிறவர்கள் நிறைய. விசாரணைக்கு வந்த அதிகாரி மெட்ராஸ் பக்கத்துக்காரர். நல்லவர்தான், ஆனால் முதல் நாள் என்னைப் பார்த்த பார்வையிலேயே முடிவு இருந்தது. கண்டக்டர், என் வாயில் வாடை வந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கு வீட்டில் ஏழு வயிறு. முதலாளி என்ன சொல்லி மிரட்டினாரோ. லைசென்சைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். தெருவில் நடந்தால் முதுகுக்குப் பின்னால் பேச்சு.

அதற்குள், நொறுங்கிய வண்டியை இழுத்துவந்து போட்டிருந்த ஷெட்டில் ஒரு அதிசயம் நடந்தது. கப்பலில் வர வேண்டிய, டில்லி அனுமதி வேண்டிய, மாதக்கணக்கில் ஆகக்கூடிய சாமான் மூன்றே நாளில் மெட்ராஸிலிருந்து வந்துவிட்டது! அந்துவானைக் கதவைச் சாத்திக்கொண்டு மாட்டச் சொன்னார் முதலாளி. பழையதைத் தொலைத்துவிடச் சொன்னார். பிறகுதான் அதிகாரியைக் கூப்பிட்டு வண்டியைக் காட்டினார். வண்டியில் பழுது எதுவும் இல்லை என்று எழுதியாகிவிட்டது. ஒரு ஆள் செத்த பிறகு வந்ததே, அந்தச் சாமான் ஒரு வாரத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்ன? இதை எழுதும்போதுகூடப் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது, அக்கா.

அந்துவான் என் வீட்டுக்கு வரப் பயந்தார். உன்னிடம்தான் வந்தார், மீன் வாங்குகிற சாக்கில். "நான் வந்து சாட்சி சொன்னா எனக்குச் சோறு இல்ல. ஆனா அத கடல்ல போடச் சொன்னாரு, நான் போடல. ஷெட்டுக்குப் பின்னால பழைய இரும்புக் குவியல்ல, கிழிஞ்ச டயருக்கு அடியில இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கையில் கட்டோடு நீ மறுநாள் ஷெட்டுக்குப் போனாய். "மீனு, மீனு" என்று கூவிக்கொண்டே முன்வாசல் வழியாகப் போனாய். வேலையாட்களுக்குக் காரப்பொடி மீனைக் கூறு போட்டுக் கொடுத்தாய். பின்பக்கம் போய்க் கை கழுவுகிறேன் என்று போனாய். திரும்பி வரும்போது கூடையில் மீன் அப்படியே மேலே இருந்தது. கீழே அந்தக் குழாய் இருந்தது. வாசலில் முதலாளி உன்னைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது மட்டும் நீ சிரித்தாய்.

விசாரணை நாள். நீளமான மேஜை. அதிகாரி தமிழில் கேட்டு இங்கிலீஷில் எழுதினார். பக்கத்தில் ஒரு வயசான குமாஸ்தா பிரெஞ்சில் எழுதினார். முதலாளி கதர் சட்டையில் வந்திருந்தார். வண்டியில் பழுதே கிடையாது, மீன் தண்ணீர் சொட்டியதைப் பார்த்து இவர்கள் எண்ணெய் என்று கதை கட்டுகிறார்கள், டிரைவர் குடிப்பழக்கம் உள்ளவன் என்றார். அதிகாரி என் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கிழமை குடிச்சீங்களா?" என்றார். "ஆமாம்" என்றேன். அவர் பேனாவை எடுத்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?" என்று நீ எழுந்தாய்.

உட்காரும்மா, உன்னைக் கூப்பிடும்போது பேசு என்றார்கள். நீ உட்காரவில்லை.

"ஞாயித்துக்கெழம இவன் குடிச்சா திங்கக்கெழம சாக்கப்சர் ஒழுவுமா?"

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "என்ன சாக்கப்சர்?" என்றார். நீ கூடையைத் தூக்கி அந்த மேஜைமேல் வைத்தாய். நல்ல கையால் மேலிருந்த ஓலையை எடுத்தாய். அந்தக் குழாயை எடுத்து அவர் காகிதங்களுக்கு மேலேயே வைத்தாய். மீன் செதிலும் எண்ணெயும் ஒட்டியிருந்தது. குமாஸ்தா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"கறுப்பு பெயிண்ட சொரண்டிப் பாருங்க. அடியில எண்ண இருக்கும். மேலயும் எண்ண இருக்கும். நடுவுல பெயிண்டு. கழுவிட்டுப் பூசுனது இன்னிக்கு நேத்து இல்ல, பரிசோதனைக்கு முந்துன நாளு."

முதலாளி எழுந்து, இது எந்த வண்டியுடையதோ, இரும்புக் கடையில் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றார். அதற்குப் பதில் சொல்ல உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் எழுந்து சொன்னேன்: "ஐயா, அந்த வண்டியில வலது பக்கத்துல ஒண்ணு இருக்குது. அத மாத்தியிருக்க மாட்டாரு. போய்ப் பாருங்க."

மாற்றியிருக்கவில்லை. அந்த மனிதருக்கு ஒன்றை வாங்கும்போது இரண்டாக வாங்க மனம் வராது என்று நாலு மாசத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. அதிகாரி அன்றைக்கே எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தானே வண்டிக்கடியில் படுத்தார். வலது பக்கம் பழசு. குழாயில் அதே பிரெஞ்சு எழுத்து, அதே அச்சு. இடது பக்கம் புத்தம்புதுசு, மெட்ராஸ் சரக்கு, பிடிமானம் மாற்றி வெல்டு வைத்த இடம் இன்னும் கறுக்கக்கூட இல்லை. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே அந்துவானைப் பார்த்து, "இத எப்ப மாட்டுனீங்க?" என்றார். அந்துவான் முதலாளியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், பிறகு உண்மையைச் சொன்னார்.

என் லைசென்ஸ் திரும்பி வந்தது. என் மேல் இருந்த குற்றச்சாட்டை நீக்கினார்கள். முதலாளிக்கு என்ன ஆனது? அபராதம் கட்டினார். பர்மிட்டை ரத்து செய்தார்கள். ஆறே மாசத்தில் மச்சான் பேரில் வேறொரு பர்மிட் வாங்கி அதே ரோட்டில் பஸ் விட்டார். இப்போது மூன்று பஸ் ஓடுகிறது. அந்துவானுக்கு வேலை போயிற்று. உன் மணிக்கட்டு கோணலாகவே கூடியது; அதற்குப் பிறகு நீ இடது கையால் கூடையைப் பிடித்து நான் பார்த்ததில்லை. புது பஸ்களில் மீன்காரிகளை ஏற்றக்கூடாது என்று முதலாளி சட்டம் போட்டார். நீங்கள் அரியாங்குப்பம் வரைக்கும் நடந்து போய் வேறு வண்டி பிடித்தீர்கள். இதுதான் நியாயம் கிடைத்த கதை. இந்த வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் கடைசிக் கையெழுத்தையும் போட்டுவிட்டார்கள் என்று கடற்கரையில் கொடி ஏற்றினார்கள். முன்வரிசையில், மாலையோடு, யார் உட்கார்ந்திருந்தார் என்று நினைக்கிறாய்?

லைசென்ஸ் வந்த அன்று வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு புடவை எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ வாசலில் வலையை விலக்கி எனக்கு இடம் செய்து கொடுத்தாய். தட்டைத் தொடவில்லை.

"உனக்காக நான் வரல டிரைவரே" என்றாய். "ஒழுவுனத ஒழுவலன்னு சொன்னான். எண்ணைய மீன் தண்ணின்னு சொன்னான். அதுக்கு வந்தேன்."

நான் தட்டை உன் பக்கம் நகர்த்தினேன், நீ கையை நீட்டித் தடுத்தாய்.

"அங்க உன்ன ஒருத்தரும் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்குது. நான் கேக்க மாட்டேன். அந்தப் புள்ளய நான்தான் அங்க குந்த வச்சேன், எனக்கு அந்த உரிம இல்ல. அந்த வூட்ல கேப்பாங்க. போய் பதில் சொல்லிட்டு வா. பொறவு தட்டு கொண்டா, வாங்கிக்கறேன்."

நான் போகவில்லை. பாகூர் ரோட்டையே விட்டுவிட்டு வேறு முதலாளியிடம், வேறு ரூட்டுக்குப் போனேன். மூன்று மாசம் கழித்து உன்னைக் கடற்கரையில் பார்த்தபோது, "போனியா?" என்றாய். "போனேன் அக்கா" என்றேன். "இன்னா சொன்னாங்க?" என்றாய். "ஒண்ணும் சொல்லல, அழுதாங்க" என்றேன். நீ என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரி" என்றாய். அதற்கப்புறம் கேட்கவேயில்லை. அந்தத் தட்டைப் பற்றியும் பேசவில்லை.

முதலாளி அதிகாரியிடம் சொன்ன பொய்யைப் பற்றி இத்தனை பக்கம் எழுதினேன். நான் உன் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்க்கு ஒரு வரி போதுமா?

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். ஐந்து வருஷம் கழித்து. பாகூரைத் தாண்டி நடந்து, வழி கேட்டுக்கொண்டு போனேன். முருகேசனின் மனைவி வாசலில் மணிலாக்கொட்டை உடைத்துப் பருப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். நான் யார் என்று சொல்லுமுன்பே, "பஸ் டிரைவரா?" என்றார்.

"ஆமாம்மா. எப்படித் தெரியும்?"

"வருவீங்கன்னு மீன்காரம்மா சொல்லிச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். நீ வாராவாரம் வருவாயாம். அந்த விபத்துக்குப் பிறகு ஒரு வாரம் தவறாமல், கூடையில் கடைசியாக ஒரு கை மீனை மிச்சம் வைத்துக்கொண்டு வந்து, அந்த வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போவாயாம். "டிரைவர் இன்னும் வரலியா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாயாம். வரவில்லை என்றால், "வருவான், பயந்துட்டான்" என்பாயாம்.

அப்படியானால் கடற்கரையில் நான் சொன்னபோதே உனக்குத் தெரியும். தெரிந்துதான் "சரி" என்றாய்.

 அந்தம்மா கையிலிருந்த கொட்டையைக் கீழே போட்டுவிட்டு, நேராகப் பார்த்துக் கேட்டார்.

"வண்டி சரியில்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தினி நாளா?"

"நாலு மாசமா. சாவியக் கொண்டுபோய் மேஜையில வச்சேன். அப்பறம் நானே திரும்ப எடுத்துக்கிட்டேன். தெரிஞ்சுதான் ஓட்டுனேன்."

அந்தம்மா அழவில்லை. நான் உன்னிடம் சொன்னது போல எதுவும் நடக்கவில்லை. கொட்டைக் குவியலை ஒதுக்கி இடம் செய்தார். பிறகு, "உக்காருங்க" என்றார். "அவரு எங்க ஏறுனாரு, எங்க உக்காந்தாரு, இன்னா பேசுனாரு, எல்லாத்தையும் சொல்லுங்க. விசாரணையில ஆயிரம் பேசுனாங்களாம். எனக்கு ஒருத்தரும் வந்து சொல்லல." சொன்னேன். உனக்காக அவர் எழுந்திருக்கப் போனதைச் சொன்னேன். "அது எனக்குத் தெரியும், அந்தம்மா அதச் சொல்லித்தான் அழுவும்" என்றார்.

கிளம்பும்போது கேட்டார்: "அந்த முதலாளி இப்ப எங்க?"

"இங்கதான். மூணு பஸ் ஓடுது."

அந்தம்மாவின் முகம் அப்போதுதான் மாறியது. ஐந்து வருஷத்துக் கோபம் மொத்தமும் அந்த நிமிஷத்தில் மேலே வந்தது.

"நீங்க வந்துட்டீங்க. அவரும் வரணும். வந்து இந்த எடத்துல உக்காந்து, எனக்குத் தெரியும்னு சொல்லணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். கூட்டியாரீங்களா?"

கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், அக்கா. அவர் வருவாரா, ஆளை விட்டுத் துரத்துவாரா, தெரியாது. நாளைக் காலை முதல் பஸ் கிளம்புவதற்கு முன்னால் அவருடைய ஷெட் வாசலில் போய் நிற்கப் போகிறேன். பத்துப் பேர் பார்க்கிற மாதிரிக் கேட்பேன். மாட்டேன் என்றால் மறுநாளும் போவேன். வாராவாரம் ஒரு வாசலுக்கு எப்படிப் போக வேண்டும் என்று நீ நடந்து காட்டிவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

இந்தத் தடவை போனேன் என்று நான் எழுதினால், போயிருப்பேன்.

உன்
டிரைவர்